ஒரே படம் நாலு இடத்தில்

கேள்வி: பழைய லேப்டாப், இரண்டு ஹார்ட் டிஸ்க், என் போன் என்று இருபது வருஷப் போட்டோக்கள் சிதறிக் கிடக்கின்றன. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஒரு டிஸ்க் போயே போய்விட்டது. மிச்சத்தையாவது கூகுளில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், ஒரே படம் நாலு இடத்தில் இருக்கிறது. ஏற்றிவிட்டுக் கழிப்பதா, கழித்துவிட்டு ஏற்றுவதா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வீடு மாறும்போது பழைய பேப்பரை ரத்திக்காரரிடம் போட்டுவிட்டுத்தானே டெம்போவைக் கூப்பிடுகிறோம்? இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பங்கு. அளவைச் சுருக்கி ஏற்றிய படங்கள் கணக்கில் வராமல் இருந்த காலம் 2021 ஜூனோடு முடிந்துவிட்டது.

ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் அழித்துவிடாதீர்கள். பல கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-இல் ஆரம்பிக்கும், அதனால் மகள் வளைகாப்பில் ஒரு 0412, பேரன் காதுகுத்தில் இன்னொரு 0412 இருக்கலாம். நான் ஒருநாள் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அப்படிப் பெயர் பார்த்தே அழித்து அப்பாவின் சதாபிஷேகத்தில் பாதியைத் தொலைத்தேன், இன்றைக்கும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.

டூப்குரு என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு ஃபைலின் உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். இருப்பதிலேயே முழுசான டிஸ்கை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிட்டால் அதில் உள்ளதைத் தொடாது, மற்ற இடங்களில் இருக்கும் நகல்களைத்தான் அழிக்க விடும்.

வாட்ஸ்அப் படங்கள்தான் தலைவலி. வழியில் சுருங்கி, எடுத்த தேதியையும் இழந்து வருவதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு அது வேறு ஃபைல். ஆண்ட்ராய்டு போனில் பெயருக்குள் WA என்று இருக்கும். நீங்களே எடுத்த ஒரிஜினல் கையில் இருந்தால் தாராளமாகத் தூக்குங்கள், நாத்தனார் எடுத்து அனுப்பியதென்றால் உங்களிடம் இருப்பதே அது ஒன்றுதான், விட்டுவிடுங்கள். ஒரே போஸில் எடுத்த ஏழு படங்களில் எது நல்லது என்று பார்க்க உட்கார்ந்தால் தீபாவளி வந்துவிடும்.

துளியும் மாறாத நகல் ஒன்றிரண்டு தப்பினாலும் கூகுள் போட்டோஸ் இரண்டாவது முறை ஏற்றாது. டிரைவ் அப்படியில்லை, வேறு வேறு ஃபோல்டரில் போட்டால் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டுக்கும் இடம் கணக்குப் பண்ணும். ஏற்றி முடித்ததும் அந்த ரெஃபரன்ஸ் டிஸ்கைத் தூக்கிப் போடாமல் பரணில் வையுங்கள், உங்கள் ஏரியா மழை உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எல்லாம் ஏற்றியாச்சு. போனில் இடம் பிடிக்க போட்டோஸ் ஆப்பிலேயே படங்களை அழித்தேன். சரிதானே?
- வாசகர், டோம்பிவிலி

பதில்: ஐயையோ, அங்கே அழித்தால் கிளவுடிலும் போய்விடும்! அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனி பட்டன் இருக்கிறது, அதுதான் போனில் உள்ளதை மட்டும் நீக்கும். ஏற்றிய படங்கள் டிராஷில் 60 நாள் இருக்கும். இதைப் படித்த கையோடு போய் மீட்டுவிடுங்கள்.