அடுத்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டு: விசுவாசம், விக்கிரகம், புத்தகங்கள் (கேள்வி பதில்)

விசுவாசம், விக்கிரகாராதனை, இன்றைய வாழ்க்கை பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள். முக்கால்வாசி புத்தகங்கள் இங்கிலீஷில்தான் இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பூர், பனியன் தொழில்): ஐயா, ஸ்தோத்திரம். எங்க வீட்டுல சிலையும் இல்ல, படமும் இல்லீங்க. விக்கிரகாராதனை பத்தி நான் எதுக்குங்க படிக்கோணும்?

பதில்: நீங்கதான் தம்பி முதல்ல படிக்கோணும். கொலோசெயர் 3:5-இல் 'விக்கிரகாராதனையான பொருளாசை' என்று பவுல் எழுதியது சபைக்காரர்களுக்கு. டிம் கெல்லரின் 'கவுன்டர்ஃபீட் காட்ஸ்' (2009) வாங்குங்கள். நியூயார்க்கில் போதகராக இருந்தவர். 2008 பொருளாதாரச் சரிவில் தற்கொலை செய்துகொண்ட பணக்காரர்களிலிருந்து ஆரம்பிக்கிறார். பிள்ளை, காதல், பணம், வெற்றி எல்லாம் நல்லவைதான். அது இல்லாவிட்டால் நான் இல்லை என்று எப்போது நினைக்கிறோமோ அப்போது அது சாமியாகிவிடுகிறது என்கிறார். ஆபிரகாமுக்கு ஈசாக்கு, யாக்கோபுக்கு ராகேல், நாகமானுக்கு வெற்றி என்று வேதத்து ஆட்களை வைத்தே சொல்வதால் படிக்கச் சிரமமில்லை. பணத்தைப் பற்றிய சகேயு அதிகாரத்தை ஆர்டர் கேன்சல் ஆன மாதத்தில் படித்துப் பாருங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு 2012-இல் தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்களில் ஜெபம் பண்ணிவிட்டுப் போட்டவர்களும் உண்டு.

இது கெல்லர் கண்டுபிடித்த சரக்கு அல்ல. உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறதோ அதுவே உன் தெய்வம் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-லேயே 'பெரிய ஞானோபதேசம்' என்ற நூலில் எழுதிவிட்டார். மனித மனம் ஓயாமல் விக்கிரகம் செய்யும் தொழிற்சாலை என்றார் இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின். தொழிற்சாலை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (கோபி): பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு மாவு கொண்டாந்து குடுத்தாங்க. வாங்கலாமுங்களா? எந்தப் புத்தகத்துல இருக்குதுங்க?

பதில்: புத்தகத்துக்கு முன்னால் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் படியுங்கள் அம்மணி. கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு என்றும் பவுல் சொல்கிறார், சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது வேத அறிஞர் கார்டன் ஃபீ 1 கொரிந்தியருக்கு எழுதிய விளக்கவுரை (1987): கோயில் வளாகத்துப் பந்தியில் உட்கார்வது வேறு, சந்தையில் வாங்குவது வேறு. தலையணை கனம், அந்த மூன்று அதிகாரங்களின் பகுதி மட்டும் போதும். என் சொந்த அபிப்பிராயம்: சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் மனச்சாட்சி. வாசலில் நின்று அந்த அக்காவுக்குப் பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி (கருமத்தம்பட்டி): நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்'. எதை எவ்வளவு நேசிப்பது என்ற வரிசை குலைந்து போவதுதான் அவருடைய பெரிய கவலை. அதோடு திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி'யில் 55-ஆம் பத்தி: இஸ்ரவேலர் அன்று வணங்கிய பழைய பொற்கன்றுக்குட்டி பண வழிபாடாகத் திரும்பி வந்திருக்கிறது என்கிறார்.

கேள்வி (பொள்ளாச்சி): நான் கிறிஸ்தவன் இல்லைங்க. எங்க குலதெய்வத்தைக் கல்லு, மரம்னு பேசறதக் கேட்டா மனசு வலிக்குது. உங்க புத்தகங்களும் அதத்தானே சொல்லுது?

பதில்: அப்படிப் பேசுகிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசிகளின் சூடான வார்த்தைகளில் பெரும்பங்கு சொந்த ஜனமான இஸ்ரவேலுக்குச் சொன்னது. அதை எடுத்து அடுத்த வீட்டின் மேல் எறிவது சுலபம், அவ்வளவுதான். பூனாவில் சில காலம் பாடம் நடத்திய கிறிஸ்டோபர் ரைட்டின் 'தி மிஷன் ஆஃப் காட்' (2006) நூலில் விக்கிரகங்கள் பற்றி நிதானமான அதிகாரம் ஒன்று உண்டு.

உங்களுக்கு நான் கொடுக்க விரும்புவது வேறு: ஏ. ஜே. அப்பாசாமியின் 'கிறிஸ்டியானிட்டி அஸ் பக்தி மார்கா' (1927). பாளையங்கோட்டைக்காரர், அப்பா சைவத்திலிருந்து வந்தவர். 1950-இல் கோயம்புத்தூர் பிஷப் ஆனார். யோவான் சுவிசேஷத்தைத் தமிழ் பக்திப் பாடல்களோடு பக்கத்தில் வைத்துப் படித்த மனிதர். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. நம் சபைகளில் இன்று அவரைப் படிப்பவர் குறைவு என்பது வருத்தம்.

கேள்வி (ஈரோடு, இறையியல் மாணவர்): பண்பாடு பற்றிக் கட்டுரை எழுதணும். நீபர் போதுமா ஐயா?

பதில்: அமெரிக்க இறையியலாளர் எச். ரிச்சர்ட் நீபரின் 'கிரைஸ்ட் அண்ட் கல்ச்சர்' (1951), கிறிஸ்துவுக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவில் சொல்லும் ஐந்து வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். லெஸ்லி நியூபிகின் நம் நாட்டுக்கு 1936-இல் வந்து, காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்து, மதுரையிலும் சென்னையிலும் பிஷப்பாக இருந்தவர். ஊர் திரும்பியதும் இங்கிலாந்தையே மிஷனரியின் கண்ணால் பார்த்து எழுதியது 'ஃபூலிஷ்னஸ் டு த கிரீக்ஸ்' (1986). தமிழ்நாட்டில் கற்றதை வைத்து மேற்கத்திய நாகரிகத்தைக் கேள்வி கேட்கிறார். உங்கள் கட்டுரைக்கு உயிர் அங்கேதான்.

கேள்வி (காங்கேயம்): சாதியும் விக்கிரகம்தானே? ஏன் யாரும் பேசறதில்ல?

பதில்: ஆமாம். 'விசுவாசி, அதே சாதி' என்று பெண் தேடுகிற வீட்டில் எந்த வார்த்தைக்குக் கனம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். டங்கன் ஃபாரஸ்டரின் 'காஸ்ட் அண்ட் கிறிஸ்டியானிட்டி' (1980) படியுங்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, ஒடுக்கப்பட்டவர் சமைத்ததை முறுமுறுக்காமல் உண்டவரையே சபையில் சேர்க்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனோ சாதி விஷயத்தில் விட்டுப்பிடித்தது. இரண்டு பக்கமும் என்ன காரணம் சொன்னார்கள் என்று பாருங்கள். இன்று சபைக் கமிட்டி எலக்‌ஷனில் கேட்கும் அதே பேச்சு அங்கே இருக்கும். பேசாததற்குக் காரணமும் அந்த எலக்‌ஷன்தான்.

கேள்வி (பல்லடம்): பையன் போனே கதின்னு கெடக்கறான்.

பதில்: ஆண்டி கிரவுச்சின் 'தி டெக் வைஸ் ஃபேமிலி' (2017). பையனுக்கு அல்ல, உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும்.

கேள்வி (தாராபுரம்): எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. வாங்கவும் வசதியில்ல.

பதில்: ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' (மூலம் 1678) தமிழில் கிடைக்கும். மாயச் சந்தைப் பகுதி ஒன்றே மேலே சொன்ன பாதிப் புத்தகங்களுக்குச் சமம். செய்யுள் பிடிக்குமென்றால் அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' (1894). கோயம்புத்தூர் போனால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சுற்று சுற்றுங்கள், பேரம் பேசி வாங்கலாம்.