புதிதாகச் சேர்ந்த விமானி சங்கத்தில் சேர வேண்டுமா?

கேள்வி: பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. விமானிகள் சங்கத்தில் சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் சந்தா. பயிற்சிக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி. சங்கம் பேசி வாங்கும் சம்பளம் உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைக்கும் என்கிறார்கள், அப்புறம் நான் எதற்குச் சேர வேண்டும்? நிர்வாகத்திடம் கெட்ட பெயர் வருமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: சேருங்கள். சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், பல நாடுகளில் சங்கம் போடும் ஒப்பந்தம் எல்லா விமானிகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் அந்த ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் உறுப்பினருக்கு மட்டும்தான் ஓட்டு. அது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு உங்கள் சீனியாரிட்டி எண்ணை, அதாவது நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி உங்களுக்குக் கிடைத்த இடத்தை, பாருங்கள்.

எந்த விமானம், எந்தத் தளம், எந்த மாதம் விடுப்பு, எப்போது கேப்டன், ஆள்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என்று பல பெரிய நிறுவனங்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு எண்தான். பதினைந்து வருடம் பறந்தவர் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அங்கே பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மற்ற வேலைகளில் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம். நம்மால் அவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடியாது. இருக்கும் இடத்திலேயே நிலைமையைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது.

அடுத்தது தூக்கம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அமெரிக்க விமானிகள் 1931-இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1934-இல் தொழிலாளர் வாரியம் தந்த தீர்ப்பில், மாதம் 85 மணி நேரத்துக்கு மேல் பறக்க வைக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. சங்கத்தின் முதல் பெரிய வெற்றிகளில் ஒன்று பணி நேரம் சம்பந்தப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பு பெரும் விவாதமானது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின, சங்கங்களும் சேர்ந்துகொண்டன. 2014 ஜனவரியில் அந்த நாட்டில் புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன. ஆனால் சரக்கு விமானங்களுக்கு விலக்கு! இரவு முழுக்கப் பறப்பதே அவர்கள் வேலை, அவர்களைத்தான் விட்டுவிட்டார்கள். யூபிஎஸ் என்ற சரக்கு நிறுவனத்தின் விமானிகள் சங்கம் வழக்குப் போட்டது, தோற்றது. சட்டம் தருவதற்கு மேல் ஓய்வு வேண்டுமென்றால் அவர்கள் இன்றும் நிறுவனத்தோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாக வேண்டும். அதை எழுதி வாங்க ஓர் அமைப்பு வேண்டும் அல்லவா?

எனக்கே நடந்தது ஒன்று. துணை விமானியாக இருந்தபோது, அடுத்தடுத்து நான்கு அதிகாலைப் பணிகளுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒன்றைப் போட்டார்கள். களைப்பாக இருக்கிறேன், பறக்க மாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என் பக்கத்தில் சங்கப் பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தின் களைப்புப் பிரிவை எடுத்துக் காட்டினார், பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அன்று தனியாகப் போயிருந்தால் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அடுத்த முறை களைப்பாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு பறந்திருப்பேன். இதை நினைத்தால்தான் இன்றும் பதறுகிறது.

ஏதாவது அசம்பாவிதம் நடந்த பிறகும் இப்படித்தான். யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்போது வழக்கறிஞர் வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களைப் பல சங்கங்கள் வைத்திருக்கின்றன. விமானத்தின் தரவுப் பதிவில் வழக்கமான முறையிலிருந்து ஏதாவது விலகல் தெரிந்தால், அதை ஓட்டியது யார் என்று பார்க்கும் அனுமதி பல நிறுவனங்களில் சங்கம் நியமித்த ஒரு விமானிக்கு மட்டும்தான் உண்டு. அவர் போன் செய்து நடந்ததைக் கேட்பார், பெயர் மேலே போகாது. தண்டனைக்குப் பயந்து விமானிகள் தவறுகளை மறைக்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

சரி, சங்கத்தால் எல்லாம் நடக்குமா? நடக்காது. 1989-இல் ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் ஏறக்குறைய 30 சதவீத உயர்வு கேட்டார்கள். பிரதமர் பாப் ஹாக்கின் அரசு நிறுவனங்களின் பக்கம் நின்றது, விமானப்படை விமானங்களில்கூடப் பயணிகளை ஏற்றினார்கள். விமானிகள் கூட்டாக ராஜினாமா செய்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. பலம் தெரியாமல் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

உங்களைப் போன்ற இளையவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கத்தில் பெரும்பான்மைதான் வெல்லும். 1983-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம், புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பள விகிதம் தரும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. இனிமேல் வரப்போகிறவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. 2001-இல் டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனம் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்தபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பகுதியினர் சீனியாரிட்டிப் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். இதைப் படித்துவிட்டு ஒதுங்கி நிற்கத் தோன்றலாம். எனக்குத் தோன்றுவது நேர் எதிர்: இளையவர்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால்தான் அவர்களை விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுவது கஷ்டமாகும்.

நிர்வாகத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது பல நாடுகளில் சட்டவிரோதம். ஆனால் எட்டு மாதம் என்கிறீர்கள், தகுதிகாண் பருவம் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடும் உரிமை நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் உண்டு, சங்கமும் அதிகம் செய்ய முடியாது. இப்போதே உறுப்பினராகிவிடுங்கள், முன்வரிசைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பிரதிநிதியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நிறுவனம் இந்தச் சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு முறைப்படி அங்கீகரித்திருக்கிறதா? தகுதிகாண் பருவத்தில் உள்ளவருக்குச் சந்தாவில் சலுகை உண்டா? சில சங்கங்கள் முதல் வருடம் வாங்குவதே இல்லை, உங்கள் கடன் கவலைக்கு அது உதவும். மூன்றாவது, மருத்துவத் தகுதியை இழந்தால் கிடைக்கும் காப்பீடு. அது சந்தாவிலேயே அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா, பணம் வரத் தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். மெடிக்கல் போனால் கடன் தவணை நிற்காது. சம்பளம் நின்றுவிடும்.