பின்பலகைப் படம் வராமல் ஏலம் கேட்காதீர்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பதினொரு வயது மகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் பழகுகிறாள். இரவல் வாங்கிய வயலினைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனம் இணையத்தில் ஏலம் போடும் பழைய வயலின் ஒன்றைப் பார்த்திருக்கிறார். உள்ளே ‘ஸ்ரடிவாரியஸ் 1721’ என்று லேபிள். கீழே ‘பழுதுண்டு, வாசித்துப் பார்க்கவில்லை, உள்ளபடியே விற்கப்படும்’ என்று ஒரு வரி. ஏலக் கேள்வி இப்போது 45 பவுணில் நிற்கிறது. தெரிந்த ஒருவர் தானே ஏலத்தில் எடுத்துப் பார்சலில் இறக்கித் தருவதாகச் சொல்கிறாராம். “வெடிப்பு மாதிரி ஒன்று தெரிகிறது. திருத்தலாமா, காசு வீணாகுமா?” என்று கேட்கிறார். ஞாயிறு இரவு ஏலம் முடிகிறதாம்.

தங்கச்சி, முதலில் அந்த லேபிளை மறந்துவிடுங்கள். ஸ்ரடிவாரி 1737 இல் இறந்தவர். அவர் பெயர் ஒட்டிய வயலின்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மனியிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் லட்சக்கணக்கில் வெளிவந்தன. என் மேசைக்கு வந்த பழைய வயலின்களில் பாதிக்கு மேல் அவர் பெயரோடுதான் வந்தன. பலவற்றில் லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ‘மேட் இன் ஜேர்மனி’ என்றும் இருக்கும். அதைப் படம் எடுக்கிறவர் விட்டுவிடுவார். அதற்காக அவை குப்பை என்று சொல்லவில்லை. நல்ல மரத்தில் செய்த பிள்ளைகள் பழகும் வயலின், அவ்வளவுதான். 45 பவுணுக்கு அது போதும்.

இனி வெடிப்புக்கு வருவோம். வயலினுக்குள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், பென்சிலை விடக் கொஞ்சம் மெல்லிய குச்சி ஒன்று நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பது அதுதான். அதை ஒட்டுவதில்லை, இறுக்கத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தந்தி இழுக்க, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை மேல்பலகையை அழுத்த, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் குச்சி நேரே பின்பலகையில் இறக்குகிறது. மேற்கத்தியச் சுருதியில் கூட்டினால் நான்கு தந்தியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். பின்பலகையில் குச்சி நிற்கும் இடத்தில் வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள். மேல்பலகையைக் கழற்றி, அந்த இடத்தைக் குடைந்து, புது மரம் பதித்து, திரும்ப மூட வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு நூற்றுக்கணக்கான பவுண் கேட்பார்கள். கிளிநொச்சியில் என்னிடம் கேட்டால் நான் செய்ய மாட்டேன் என்பேன்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வயலினின் பின்பக்கம் உங்களைப் பார்க்க, கழுத்து நுனியிலுள்ள சுருள் மேலே இருக்க, இடுப்பு ஒடுங்கிய பகுதியின் கீழ்ப்பாதியில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். கழுத்துப் பக்க விளிம்பிலிருந்து ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் கீழே. அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் ஒன்று வேண்டும். ஏலப் பக்கத்தில் பத்துப் படம் போட்டிருப்பார்கள். எட்டு முன்பக்கம், ஒன்று பெட்டி, ஒன்று லேபிள். கடையில் நிற்கிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள், காலையில் தேநீர்க் கோப்பையும் மாலையில் வயலினும் பதிகிறவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? கேட்டால் அனுப்புவார்கள். கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல வயலினையும் ஆட்கள் வேண்டாம் என்று விடுகிறார்கள். விளிம்போரம் ஓடுகிற கறுப்புக் கோடு பெரும்பாலும் வெடிப்பு இல்லை. பலகையும் பக்கச் சட்டமும் சேரும் ஒட்டு விட்டிருக்கிறது. வயலினை ஒட்டுவது வச்சிரத்தால், நம் பழைய தச்சர்மார் காய்ச்சிய அதே மிருகப் பசை. ஈரமும் சூடும் பட்டால் விடும். விடட்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள்: மரம் சுருங்கி இழுக்கும்போது ஒட்டு விட்டுக்கொடுத்தால் பலகை பிளக்காது. கோடு பலகையின் முகத்தில், மர நாரோடு சேர்ந்து நீளவாட்டில் ஓடினால் வெடிப்பு. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மட்டும், பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில், கடதாசி ஒன்று நுழைகிற அளவு தெரிந்தால் ஒட்டு. விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டினால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் அடைத்துக் கேட்கும். பின்பலகை இரண்டு துண்டாக இருந்தால் நடுக்கோடும் ஒரு ஒட்டுத்தான். அது நேர்கோட்டில் நடுவில் விட்டிருந்தால் பயப்பட வேண்டாம், வளைந்து பக்கத்துக்குப் போனால் பயப்படுங்கள். விளிம்பு ஒட்டு விட்ட வயலினை ஒரு பின்னேரத்தில் ஒட்டி, இறுக்கி, அடுத்த நாள் தரலாம். தயவுசெய்து தச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெள்ளைப் பசையோ சூப்பர் குளுவோ போடுவிக்காதீர்கள். பிறகு யாராலும் கழற்ற முடியாது.

கழுத்து உடலோடு சேரும் அடியின் படமும் கேளுங்கள். நாங்கள் நிலத்தில் இருந்து, சுருளைக் காலில் ஊன்றி வாசிக்கிறவர்கள். அந்த மூட்டில் ஆட்டம் இருந்தால் சுருதி நிற்காது. உடலின் நீளமும் கேளுங்கள். 356 மில்லிமீற்றர் என்றால் முழு அளவு. மகளுக்கு முக்கால் அளவுதான் சரி என்று ரீச்சர் சொன்னால் 335 பக்கம் இருக்க வேண்டும்.

சரி, அந்தத் ‘தெரிந்த ஒருவர்’. எனக்கு வெடிப்பை விடப் பயம் இவர்களில்தான். போன சோளகத்தில் விசுவமடுவிலிருந்து ஒரு தகப்பன், சேலையில் சுற்றிய வயலினை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்தார். எடுத்துக் கொடுத்தவர் ‘வெடிப்பு ஒட்டியாயிற்று’ என்றாராம். பல் வைத்தியர் பாவிக்கும் சின்னக் கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டு, தொலைபேசி வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பின்பலகையில், போஸ்ட் நிற்கிற அதே இடத்தில், இரண்டு ரியூப் கலந்து பூசும் பசை எறும்பு வரிசை போல மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். எண்பத்தையாயிரம். ஏல இணைப்பைத் தேடி எடுத்தோம், பக்கம் அப்படியே இருந்தது. போன விலை 38 பவுண்.

ஆகவே இணைப்பைக் கேளுங்கள். இணைப்புத் தராதவரிடம் காசு கொடுக்காதீர்கள். ‘கஸ்ரம்ஸில் பிடித்துவிட்டார்கள், இன்னும் முப்பதாயிரம் போடுங்கள்’ என்றால் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வரிக்குப் பற்றுச்சீட்டு உண்டு. ‘தொண்டு நிறுவனத்துப் பொருளுக்கு வரி இல்லை’ என்பது சுத்தப் பொய். காசு தொண்டுக்குப் போகிறது, பொருள் உங்களுக்கு வருகிறது. சுங்கத்துக்கு அது வாங்கின சாமான். வரியும் 45 பவுணுக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் கூட்டிய தொகைக்கு. மேலே 18 வீதம் வற். வயலினோடு வாசிக்கும் வில் வந்தால் அதை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நுனியில் உள்ள வெள்ளைத் துண்டு எலும்பா, பிளாஸ்ரிக்கா, யானைத் தந்தமா என்று படத்தில் யாருக்கும் தெரியாது. தந்தம் என்று சந்தேகம் வந்தால் வயலினும் சேர்ந்து மாட்டும். இங்கே புது வில் வாங்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போது எரிச்சல்தான் வருகிறது. 2009 இல் ஆட்களே வெறுங்கையோடு வந்த மண்ணில் பழைய வயலின் எங்கே மிஞ்சும், வெளியில் தேடத்தான் வேண்டும், விளங்குகிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த நன்கொடை வயலின்கள் எங்கே? எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் நான்கு, அலுமாரியில். வருடா வருடம் கணக்கெடுக்க வருகிறவர்கள் ‘வயலின் 4’ என்று எண்ணிவிட்டுப் பூட்டுவார்கள். தந்தி அறுந்ததற்குக் கையெழுத்து வைக்க ஆள் இல்லாததால் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். கடிதம் தரச் சொன்னார்கள், கொடுத்தேன், அதுவும் இப்போது ஏதோ கோவைக்குள் இருக்கும். உங்கள் மகளின் பாடசாலையிலும் ஒருமுறை அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏலம் இங்கிலாந்தில் இரவு ஒன்பதுக்கு முடிந்தால் கோடை காலத்தில் நமக்கு ஒன்றரை மணி. அந்த நேரத்தில் முழித்திருந்து வீம்புக்கு ஏற்றாதீர்கள். பின்பலகைப் படம் வந்து அந்த இடம் சுத்தமாக இருந்தால், உங்கள் உச்ச விலையைப் போட்டுவிட்டுப் படுங்கள்; என்னைக் கேட்டால் 60 பவுண். வயலின் வந்து சேர்ந்ததும் பெட்டியை ஒரு நாள் திறக்காமல் வையுங்கள், தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். தூக்கி மெல்ல ஆட்டும்போது உள்ளே குச்சி உருண்டால் சவுண்ட் போஸ்ட் விழுந்திருக்கிறது. அது சின்ன வேலை. ஆனால் அதை நிறுத்தும் வரை தந்தியை இறுக்கும் பிரடை ஒன்றையும் முறுக்காதீர்கள், மேல்பலகை அமிழ்ந்துவிடும். அப்படியே கொண்டுவாருங்கள்.