வெள்ளத்தில் இடிந்த வீட்டை அரசு கட்டித் தர வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு பினாங்கில், ஆற்றுக்குப் பக்கத்தில் தாழ்வான இடத்தில் இருக்கிறது. 28 மாதங்களுக்கு முன் புயல்மழையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி, சமையலறைச் சுவர் விழுந்துவிட்டது. பின்னால் உள்ள லோங்காங் (வடிகால்) அடைத்துக் கிடப்பதாக அதற்கு முன்பே இரண்டு தடவை புகார் கொடுத்திருந்தோம். நிவாரணப் பணம் கொஞ்சம் வந்தது, அதோடு சரி. அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அரசே நகரத்தைக் கட்டிக் கொடுத்ததாமே. நாங்கள் வழக்குப் போட முடியாதா, ஐயா?

பதில்: அம்மா, முதலில் கத்ரீனா கதையைப் பார்த்துவிடுவோம். 2005 ஆகஸ்ட் 29இல் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புகள் உடைந்தன. மக்கள், அந்தத் தடுப்புகளைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படை மீது வழக்குப் போட்டார்கள். 2009இல் ஒரு நீதிபதி மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. வீடு கட்டப் பணம் வந்தது உண்மைதான். ஆனால் அது நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம், நீதிமன்றம் வாங்கிக் கொடுத்ததல்ல. அதிலும் வீட்டின் சந்தை விலை, சேதம் இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் எடுத்தார்கள். ஏழைகள் வாழ்ந்த பகுதியில் வீட்டு விலை குறைவு என்பதால், அதே அளவு சேதத்துக்கு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

நம் மலேசியாவிலும் நிவாரணம் என்பது அரசு தரும் உதவி. தனியார் வீட்டை அரசு திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

லோங்காங் விஷயத்தில் உங்கள் பாதையில் நிற்பது ஹைலண்ட் டவர்ஸ் தீர்ப்பு. 1993 டிசம்பர் 11இல் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். அங்கு வீடு வைத்திருந்தவர்கள் உள்ளூர் மன்றத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். 1974ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு, கட்டட அனுமதி போன்ற விஷயங்களில் வழக்கிலிருந்து மன்றத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று 2006இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. விபத்துக்குப் பிறகு வடிகால் திட்டம் போடுவதாகச் சொல்லிவிட்டு மன்றம் செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பில்லை என்றது. மன்றத்தின் பணம் எல்லாருடைய அடிப்படைத் தேவைக்கும் போக வேண்டியது என்பது அதன் காரணம். எனக்கு இந்தத் தீர்ப்பில் இன்றும் மனம் ஒப்பவில்லை. வரி கட்டியவர் வாசலில் சுவர் விழும்போது அது அடிப்படைத் தேவை இல்லையா?

ஆனாலும் உங்கள் வழக்கு அப்படியே அதே வழக்கல்ல. நீங்கள் கேட்பது கட்டட அனுமதியைப் பற்றி அல்ல. தெரிந்தும் தூர்வாராமல் விட்டதைப் பற்றி. கடினமான வாதம்தான், ஆனால் வாதிடலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். அந்த இரண்டு புகார்களின் எண்களைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலும் சரி, தேதி தெரிகிற மாதிரி அச்செடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தால், வெள்ளை அடிப்பதற்கு முன் பக்கத்தில் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள்.

அப்புறம், அரசு அமைப்புகள் மீது 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு 8 மாதம்தான் மிச்சம். மனு, மேல்மனு என்று அலைவதால் இந்தக் கெடு நிற்காது. ஆகவே இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் பிரித்துப் பாருங்கள். சாதாரண தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

மேட்டுப் பக்கத்தில் புதுக் கட்டுமானம் ஏதும் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. மண் சரிந்து லோங்காங்கை அடைத்தது அங்கிருந்துதான் என்றால் மேம்பாட்டாளர் மீது வழக்குத் தொடரலாம். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கிலும் மேம்பாட்டாளருக்குப் பொறுப்பு உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. அவருக்கு 95(2) பாதுகாப்பு கிடையாது, கெடுவும் 6 ஆண்டு. அதைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.