வாரம் 20 மணி நேர வரம்பு: மிஞ்சும் 2 மணி நேரத்தை என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எஃப்-1 விசாவில் முதுநிலைப் படிப்பின் முதல் ஆண்டில் இருக்கிறேன். நூலகத்தில் வாரம் 12 மணி நேரம், மணிக்கு 14 டாலர் ஊதியத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது என் துறையிலேயே விடைத்தாள் திருத்தும் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் 10 மணி நேரம், மணிக்கு 17 டாலர். இரண்டும் சேர்ந்தால் 22 மணி நேரம் ஆகிறது. மிஞ்சும் 2 மணி நேரத்தை அடுத்த வாரக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் நூலக மேற்பார்வையாளர். உடன் படிக்கும் அமெரிக்க மாணவர் 28 மணி நேரம் வேலை பார்க்கிறார். அறைத் தோழரோ, வெளியே ஓர் உணவகத்தில் ரொக்கச் சம்பளத்துக்கு ஆள் தேடுவதாகச் சொல்கிறார். என் படிப்புக்காக வாங்கிய கல்விக் கடனில் மாதம் 27,500 ரூபாய் வட்டி ஏறுகிறது. அதையாவது நான் கட்ட நினைக்கிறேன். எனக்கு எந்த வழி சரி?

பதில்: முதலில் அந்த 2 மணி நேரத்தை முடித்துவிடுவோம். கூடாது. எஃப்-1 மாணவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது என்பது உங்கள் பல்கலைக்கழகம் தன் வசதிக்காக வைத்த விதி அல்ல. கூட்டாட்சிக் குடியேற்ற விதிமுறையிலேயே இருப்பது. எத்தனை துறைகளில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்ந்துதான் 20. சராசரிக் கணக்குக்கும் இதில் இடமில்லை. இந்த வாரம் 22, அடுத்த வாரம் 18 என்று பார்த்தால் சராசரி 20 வரலாம். ஆனால் முதல் வாரத்திலேயே வரம்பு மீறப்பட்டுவிட்டது. போன வாரம் பயன்படுத்தாமல் விட்ட நேரமும் இந்த வாரத்துக்குச் சேராது.

மேற்பார்வையாளர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் உழைத்த வாரம் ஒன்று, எழுதிய வாரம் வேறு என்றால் அது பொய்யான நேரப் பதிவு. அதில் கையெழுத்திடுபவர் நீங்கள். அந்த 2 மணி நேரத்தைச் சம்பளமில்லாமல் செய்து கொடுப்பதும் தீர்வல்ல. ஊதியத்துக்குரிய வேலையை ‘தன்னார்வப் பணி’ என்று சொல்லிவிட்டால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. பின்னாளில் வேறு விசாவுக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, மாணவர் நிலையை ஒழுங்காகக் காத்தீர்களா என்று கேள்வி எழுந்தால் பழைய ஊதியச் சீட்டுகள்தான் பேசும்.

உங்கள் அமெரிக்க நண்பரின் 28 மணி நேரம் வேறு கணக்கு. வாரம் சராசரியாக 30 மணி நேரமோ மாதம் 130 மணி நேரமோ வேலை பார்ப்பவரை முழுநேர ஊழியராகக் கருதி மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டிய பொறுப்பை, 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பெரிய நிறுவனங்கள் மேல் வைத்தது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் மாணவ ஊழியர்களை 28 அல்லது 29 மணி நேரத்தோடு நிறுத்திவிடுகின்றன. அது நிர்வாகத்தின் செலவுக் கணக்கு. உங்கள் விசா வரம்போடு அதற்குத் தொடர்பில்லை.

உணவக வேலையைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்த்தது தெரியவந்தால் மாணவர் நிலை போய்விடும். வேறு காரணங்களால் நிலை இழந்தவர்கள் அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வழியுண்டு; ஆனால் அனுமதியற்ற வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் அடைபடும். படிப்புக்குப் பின் கிடைக்கும் 12 மாத வேலைப் பயிற்சி அனுமதியும், அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு அதன் மேல் கிடைக்கும் 24 மாதங்களும் கூடவே போகும். நீங்கள் கடன் வாங்கியதே அந்த மூன்று ஆண்டுச் சம்பளத்தை நம்பித்தான் அல்லவா?

இனி பணத்துக்கு வருவோம். நேரத்துக்கு உச்சவரம்பு இருக்கும்போது அதை எந்த வேலையால் நிரப்புகிறோம் என்பதுதான் வருமானத்தை முடிவு செய்கிறது. ஆகவே 17 டாலர் வேலைக்குரிய 10 மணி நேரத்தை முதலில் எடுத்துக்கொண்டு, நூலக நேரத்தை 12-லிருந்து 10 ஆகக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அப்போது வாரம் 170, 140 என மொத்தம் 310 டாலர் வரும். இப்போது உங்களுக்கு வருவது 168 டாலர். விட்டுக்கொடுக்கும் 2 மணி நேரத்தின் மதிப்பு வாரம் 28 டாலர். 16 வாரங்கள் கொண்ட இரண்டு செமஸ்டர்களுக்கும் சேர்த்து 896 டாலர். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் வார வரம்பையே பார்த்துக்கொண்டு ஆண்டு நாட்காட்டியைப் பார்க்கத் தவறுகிறார்கள். 20 மணி நேரம் என்பது வகுப்புகள் நடக்கும் காலத்துக்கு மட்டுமே. கோடை விடுமுறையிலும் செமஸ்டர்களுக்கு இடையிலான விடுமுறையிலும், அடுத்த பருவத்தில் படிப்பைத் தொடரப்போகும் மாணவர் வளாகத்தில் முழுநேரம் வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு செமஸ்டர்களின் 32 வாரங்களில் 20 மணி நேரம் வீதம் 640 மணி நேரம். விடுமுறை வாரங்கள் 16 என்று வைத்துக்கொண்டால், 40 மணி நேரம் வீதம் அதுவும் 640 மணி நேரமே. அதாவது உங்கள் ஆண்டு உழைப்பில் சரிபாதி விடுமுறையில் இருக்கிறது. 14 டாலர் வீதம் பார்த்தாலும் அது 8,960 டாலர். முன்பு சொன்ன காப்பீட்டுக் காரணத்தால் சில பல்கலைக்கழகங்கள் விடுமுறையிலும் 29 மணி நேரத்தைத் தாண்ட விடுவதில்லை. ஆகையால் கோடையில் முழுநேரம் தரும் துறை எது என்று பிப்ரவரி, மார்ச்சிலேயே விசாரித்து வையுங்கள். உங்கள் படிப்போடு தொடர்புடைய கோடைக்காலப் பயிற்சி வேலை வெளியே கிடைத்து, பன்னாட்டு மாணவர் அலுவலகம் அதற்கு முன்னதாகவே அனுமதி தந்தால், அது பெரும்பாலும் வளாக ஊதியத்தைவிட மேலானது. முழுநேரப் பயிற்சி மொத்தம் 12 மாதங்களை எட்டினால்தான் பின்னாளைய வேலைப் பயிற்சி அனுமதி பறிபோகும். ஒரு கோடைக்காலம் அதைப் பாதிக்காது.

வட்டியையும் இந்தக் கணக்கிலேயே தீர்த்துவிடலாம். 27,500 ரூபாய் என்பது ஏறக்குறைய 300 டாலர். மாதந்தோறும் அதை அனுப்பினால் செமஸ்டர் காலத்தில் ஒரு வாரச் சம்பளம் அப்படியே போய்விடும். வாடகைக்குத் தட்டுப்பாடு வந்ததும் உணவக வேலை மறுபடி கண்ணில் படும். ஆண்டு வட்டி 3,600 டாலர் அளவு. அதை விடுமுறை வருமானத்திலிருந்து ஓரிரு தவணைகளில் கட்டுங்கள்; செமஸ்டர் வருமானம் முழுவதையும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுவிடுங்கள். வட்டி சில மாதங்கள் சேர்ந்து கட்டப்படுவதால் ஏற்படும் கூடுதல் சுமை மிகச் சிறியது. ஆனால் சேர்ந்த வட்டியை எப்போது அசலோடு சேர்ப்பார்கள் என்று வங்கியில் கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் கட்டுங்கள்.

அடுத்து, உங்கள் ஊதியச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி 1.45 சதவீதம் என்று 7.65 சதவீதம் பிடித்திருக்கிறார்களா? எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிச் சட்டப்படி வெளிநாட்டவர். தனக்கு அனுமதிக்கப்பட்ட வேலைக்கு இந்த இரண்டு வரிகளையும் அவர் கட்ட வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்குப்படி செமஸ்டர் வாரங்களில் 9,920, விடுமுறையில் 8,960 என உங்கள் ஆண்டு வருமானம் 18,880 டாலர் என்றால், தவறாகப் பிடிக்கப்படக்கூடியது 1,444 டாலர். 896 டாலருக்காக விசாவைப் பணயம் வைக்க யோசிப்பவர் இதைக் கேட்டு வாங்காமல் இருக்கலாமா? முதலில் ஊதியப் பிரிவில் கேளுங்கள். அவர்கள் திருப்பித் தராவிட்டால் படிவம் 843, படிவம் 8316 இரண்டையும் வரித் துறைக்கு அனுப்பலாம்.

வருமான வரிக் கணக்கை 1040-என்.ஆர். படிவத்தில் தாக்கல் செய்யுங்கள். சாதாரண 1040 படிவம் உங்களுக்கு உரியதல்ல. வெளிநாட்டவருக்குப் பொதுவாக நிலையான கழிவு, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதை அளிக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். மீதமுள்ள 3,130 டாலருக்கு 10 சதவீதம், அதாவது 313 டாலர் மட்டுமே கூட்டாட்சி வரி. மாநில வரி தனி. எல்லா மாநிலங்களும் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை.

அடுத்த ஆண்டுக்கு, ஆசிரியர் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி கிடைக்குமா என்று இப்போதே உங்கள் துறையில் கேட்டு வையுங்கள். 50 சதவீத நியமனம், அதாவது முழுநேர வேலையில் பாதி என்றால் 20 மணி நேரமும் அதிலேயே தீர்ந்துவிடும். நூலகம், விடைத்தாள் இரண்டையும் விட வேண்டியிருக்கும். ஆனாலும் பல துறைகளில் அதனுடன் வரும் கல்விக் கட்டணச் சலுகை, மணிக்கூலியில் வரும் எந்தத் தொகையையும்விடப் பெரியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைசி செமஸ்டர் முடிந்த பிறகு வரும் விடுமுறையில் மேலே சொன்ன முழுநேர வளாக வேலைக்கு அனுமதி இல்லை. எனவே இரண்டாம் ஆண்டின் கணக்கில் அந்த வாரங்களைச் சேர்க்காதீர்கள்.