அப்பாவின் காட்டுக் கதையும் அம்மாவின் ரெண்டு ராத்திரியும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. கல்யாணமாகிப் புனலூரில் இருக்கிறேன். போன ஆடியில் அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார். வயது 68. லாரி ஓட்டியவர். வாரம் ஆறு நாள் ஆரியங்காவு மலையில் ஏறி இறங்கினாலும் ஏழாவது நாள் வீட்டில் இருக்க மாட்டார். புல்லட்டில் அம்மாவைப் பின்னாலும் எங்கள் இருவரை முன்னாலும் உட்கார வைத்துக்கொண்டு பாலருவி, தென்மலை, ரோஸ்மலை என்று கிளம்பிவிடுவார். தை பிறந்தால் போனக்காடு வழியாக அகத்தியமலை ஏறுவார். என்னைக் கூட்டிப்போனதில்லை, அப்போது அங்கே பெண்களை விடவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் அச்சன்கோவில் காட்டில் வழி தவறி, கையில் ஒரு மூணு கட்டை (பேட்டரி) டார்ச்சோடு ரெண்டு ராத்திரி மாட்டிக்கொண்டார். அந்தக் கதையை அவர் சொன்னால் தெருவே கூடும்.

இன்னும் ஆறு வாரத்தில் வருஷத் திதி. தம்பி அப்பாவின் பயணங்களை வைத்து 12 நிமிஷ வீடியோ செய்திருக்கிறான். போட்டுக் காட்டினோம். அச்சன்கோவில் கதை வந்ததும் அம்மா, “இது யாரோ ஒரு ஆளோட கதை மாதிரி இருக்கு” என்று எழுந்து போய்விட்டாள். அப்பா பேச்சை எடுத்தாலே இப்படித்தான். “அம்மாவை அழ வைக்காதீங்க, பேச்சை விடுங்க” என்கிறாள் மதினி. என் ஆறு வயது மகனிடம் “அப்பூப்பன் (தாத்தா) லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருக்காங்க” என்று சொல்லி வைத்திருக்கிறோம். லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். அப்பாவை நினைப்பதா, மறப்பதா?

— பெயர் வேண்டாம், புனலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா சொன்ன அந்த ஒரு வரியைக் குறையாக எடுக்காதீர்கள். வீடியோவில் விடுபட்டது எது என்று அவர் காட்டியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அப்பா கிளம்புகிறார், மலை ஏறுகிறார், திரும்பி வந்து கதை சொல்கிறார். நடுவில் வீட்டில் என்ன நடந்தது என்பது அதிலும் இல்லை. அவர் காட்டில் கிடந்த ரெண்டு ராத்திரியும் செங்கோட்டையில் ஒருவர் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழித்திருந்திருப்பார். உங்களுக்கு அது அப்பா பத்திரமாகத் திரும்பிய பிறகு வந்து சேர்ந்த கதை. அம்மாவுக்கு அது இன்னும் கதையாகவே ஆகாமல் இருக்கலாம்.

பிரியமும் கோபமும் ஒரே ஆள் மேல் இருப்பது இயல்பு. இறந்த பிறகு கோபத்தைச் சொல்ல இடமில்லை. “போன மனுஷனைக் குறை சொல்லலாமா” என்பார்கள். சொல்லாத கோபம் நல்ல நினைவையும் சேர்த்து அடைத்துவிடும். ஆகவே பேச்சை விடச் சொல்லும் மதினியின் யோசனை, அக்கறையில் வந்ததுதான் என்றாலும், சரியல்ல. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-இல் எழுதியது இங்கே பொருந்தும்: துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போவதும் அந்தப் போய்வருதலில் ஒன்றாக இருக்கலாம். பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் பாதிக் கதையைக் கேளுங்கள். “அப்பாவைப் பத்திச் சொல்லும்மா” என்று தொடங்கினால் வராது. அது பாராட்டுரை கேட்பது போல இருக்கும். சின்னதாகக் கேளுங்கள்: அந்த ரெண்டு நாளும் அடுப்பு எரிந்ததா? யார் வந்து விசாரித்தார்கள்? எங்களிடம் என்ன சொல்லி வைத்தாய்? காலைக் காப்பிக்குப் பிறகு, 20 நிமிஷம் போதும். இருட்டிய பிறகு வேண்டாம், தூக்கம் கெடும். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அடுத்த வார்த்தை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும். தேதி, ஊர் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். அப்பாவைத் திட்டினால் “அப்படிச் சொல்லாதே” என்று குறுக்கே போகாதீர்கள். இது மிக முக்கியம்.

சம்மதித்தால் பதிவு செய்யலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும். போனை விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றி, மடித்த துண்டின் மேல் ஒரு கை தூரத்தில் வையுங்கள். முதலில் அரை நிமிஷம் பதிந்து கேட்டுப் பாருங்கள். கேட்டது உங்களோடு மட்டும் இருக்கட்டும் என்று அம்மா சொன்னால் வீடியோவில் சேர்க்கக் கூடாது. திதியன்று நிறையப் பேர் நடுவில் அதைத் திரையிடவும் வேண்டாம்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அப்பாவின் போன். தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணும் வேறொருவருக்குப் போய்விடலாம். அவர் அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போனிலும் தம்பி போனிலும் இருக்கும். இன்றே கணினி ஒன்றிலும் பென்டிரைவ் ஒன்றிலும் நகலெடுங்கள். போட்டோக்களைப் பசையுள்ள ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள், கிழியும். அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். தனிப் படங்களின் பின்னால் பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். காகித உறையில் பெயர், ஊர், வருஷம் எழுதிய பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

இனி மகன். வெளியூர் போயிருக்கிறார் என்றால் குழந்தை காத்திருக்கத்தான் செய்யும். தூங்குகிறார் என்று சொன்னால் தூங்கப் பயப்படும். நேராகச் சொல்லுங்கள்: “அப்பூப்பன் செத்துப்போயிட்டாங்க. அவங்க நெஞ்சு துடிக்கறது நின்னுபோச்சு. இனிமே திரும்பி வர மாட்டாங்க. முன்னாடி உங்கிட்ட தப்பாச் சொல்லிட்டோம்.” அதே கேள்வியை இருபது தடவை கேட்பான்; இருபது தடவையும் அதே பதில். “நீயும் செத்துப்போவியா?” என்றால், “ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன்னு நினைக்கிறேன். எது நடந்தாலும் உன்னைப் பாத்துக்க ஆள் இருக்கு” என்று சொல்லி, அப்படிப்பட்டவர்களின் பெயரையும் சொல்லுங்கள்.

அகத்தியமலைக்கு நீங்கள் போக நினைத்தால், 2019 முதல் அங்கே பெண்களும் ஏறுகிறார்கள். ஆனால் ஆடியில் முடியாது. தை மாத வாக்கில்தான் கேரள வனத்துறை அனுமதி தரும். 1868 மீட்டர் உயரம், அதிருமலை முகாமில் தங்கி மூன்று நாள் நடை. மூச்சிரைப்பு, முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஒரு வருஷம் தாண்டியும் அம்மா தினமும் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் ஒட்டாமல், வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு வருஷம் வரை காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416 (டெலிமானஸ்), 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

அந்த மூணு கட்டை டார்ச் வீட்டில் இருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள். வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும் கட்டைகள் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். நீங்களே கழற்றாமல் அம்மா கையில் கொடுத்து, “இது மூடி எந்தப் பக்கம் திருகணும்?” என்று கேளுங்கள்.