வாசகர் கேள்வி – பதில்: சொந்த முகவர் இல்லாமல் வீடு வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஆறு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் அடுத்த தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்துள்ளது. இந்தப் பகுதியும் பள்ளியும் எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், எங்களுக்கென்று தனி ஏஜென்ட் வைத்துக்கொள்ளாமல் வாங்கினால் அவருக்குப் போகிற இரண்டரை சதவீதக் கமிஷன் நமக்கு மிஞ்சும் என்கிறார் என் கணவர். விற்பவரின் ஏஜென்ட்டும், "எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன், வேறு ஆள் எதற்கு?" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முகவர் வைத்துக்கொண்டுதான் வீடு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் இல்லை. பகுதியை அறிந்து, ஒரே வீட்டை மனத்தில் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு முகவர் இல்லாமல் வாங்குவது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கணவரின் கணக்கிலும் அந்த ஏஜென்ட்டின் அழைப்பிலும் தனித்தனியே ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் கணக்கு. நெடுங்காலமாக இங்கே விற்பவர் தம் ஏஜென்ட்டுக்கு ஐந்து அல்லது ஆறு சதவீதக் கமிஷன் தர ஒப்புக்கொள்வார். அதில் ஏறத்தாழப் பாதியை அந்த ஏஜென்ட் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்குப் பிரித்துக் கொடுப்பார். இந்த வழக்கம் நீதிமன்றத்துக்குப் போய், 2023 அக்டோபர் இறுதியில் மிசோரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் ஜூரி ஏறத்தாழ 180 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, 2024 மார்ச்சில், ஏஜென்ட்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இவ்வளவு தரப்படும் என்று, ஏஜென்ட்டுகள் விற்பனை வீடுகளைப் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். பட்டியலில் அறிவிக்க முடியாது. உங்கள் சார்பில் வேலை செய்யும் ஏஜென்ட், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தமது கட்டணத்தைக் குறிப்பிட்டு உங்களுடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இதனால், முன்பு விற்பனை விலைக்குள் ஒளிந்திருந்த கமிஷன் இப்போது வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டிய தொகையாகிவிட்டது.

ஆயினும் நீங்கள் ஏஜென்ட் வைக்காததால் மிஞ்சும் பணம் தானாக உங்கள் கைக்கு வந்துவிடாது. விற்பவருக்கும் அவருடைய ஏஜென்ட்டுக்கும் இடையே முன்பே கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. முகவர் இல்லாத வாங்குபவர் வந்தால் முழுக் கமிஷனும் தமக்கே என்று அதில் அவர் எழுதி வாங்கியிருக்கலாம். அந்தப் பங்கு விற்பவருக்கே மிஞ்சும் என்றும் இருக்கலாம். ஆகவே விலைப் பேச்சைத் தொடங்குவதற்கு முன், "எங்களுக்கு ஏஜென்ட் இல்லை, அந்தப் பங்கு யாருக்குப் போகிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். நம்மில் பலருக்கு இப்படிக் கேட்பது கூச்சமாக இருக்கிறது. ஆனால் பதினைந்தாயிரம் டாலரை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அந்தக் கூச்சம் பெரிதல்ல. 6,00,000 டாலர் வீட்டில் இரண்டரை சதவீதம் அவ்வளவு வரும்.

அந்தத் தொகையை விலைக் குறைப்பாகவும் பெறலாம், குளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) செலவுக்கு விற்பவர் தரும் கழிவாகவும் பெறலாம். 15,000 டாலர் விலை குறைந்தால் முப்பது ஆண்டுக் கடனில் மாதத் தவணை, இன்றைய வட்டி நிலவரத்தில், நூறு டாலர் அளவுக்குள்தான் குறையும். கழிவாகப் பெற்றால் கையிருப்பிலிருந்து அன்றே எடுக்க வேண்டிய பணம் மிஞ்சும். ஆனால் கழிவுக்குக் கடன் விதிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன: அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரணக் கடனில் முன்பணம் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், விற்பவர் தரக்கூடிய கழிவு விலையில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கடன் அதிகாரியிடம் கேட்ட பிறகே எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து அந்த ஏஜென்ட்டின் அழைப்பு. தரகர் என்றால் இரு தரப்புக்கும் பொதுவானவர் என்று எண்ணிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவர் விற்பவருக்குக் கடமைப்பட்டவர். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் உங்களிடம் கேட்டறிந்ததை விற்பவரிடம் சொல்வது அவருடைய கடமை. எனவே எந்த விலை வரை போகத் தயாராக இருக்கிறீர்கள், வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, குழந்தைக்கு இந்தப் பள்ளியே வேண்டும் என்ற ஆசை ஆகியவை எதுவும் அவர் காதில் விழக் கூடாது. வீட்டைப் பார்க்கும்போது சமையலறையில் நின்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதும் இதில் அடங்கும்.

அவர் நீட்டும் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். இரு தரப்புக்கும் நானே முகவர் என்ற ஏற்பாட்டுக்கு நியூ ஜெர்சியில் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கொலராடோவும் புளோரிடாவும் அந்த ஏற்பாட்டையே அனுமதிப்பதில்லை. அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர் உங்களுக்கும் விலை ஆலோசனை சொல்ல முடியாது. அதாவது, ஆலோசனையைப் பெறாமலேயே கமிஷனுக்கு வழிவிடுகிறீர்கள். அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டாம்.

அவருக்குப் பதிலாக ஒரு சொத்து வழக்கறிஞரை, உங்கள் விலையைச் சொல்லும் கடிதம் எழுதுவதற்கு முன்பே அமர்த்திக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி இதில் உங்களுக்கு நல்ல இடம்: ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தமாக இருந்தால், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கிடைத்த பின் மூன்று வேலை நாள்களுக்குள் வழக்கறிஞர் அதைப் பரிசீலித்து மறுக்கவோ திருத்தம் கேட்கவோ முடியும். மூன்று நாள் என்பது வழக்கறிஞரைத் தேடப் போதாது. ஏற்கெனவே அமர்த்தியவர் வேலை செய்யத்தான் போதும். கடன் கிடைக்காவிட்டால், சோதனையில் பெரிய குறை தெரிந்தால், வங்கியின் மதிப்பீடு விலைக்குக் கீழே வந்தால், கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகலாம் என்ற மூன்று நிபந்தனைகளும் எழுத்தில் இருக்கின்றனவா என்று அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டைச் சோதிப்பவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவரின் ஏஜென்ட் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து வேண்டாம். உங்கள் மாநிலத்தின் பழைய வீடுகளில் மண்ணுக்குள் புதைந்த எண்ணெய்த் தொட்டி இருக்கலாம். அது கசிந்திருந்தால் மண்ணை அகற்றும் செலவு நீங்கள் மிச்சப்படுத்திய கமிஷனை எளிதில் விழுங்கிவிடும். பொதுச் சோதனையில் அது அடங்காது. தனியாகக் கேட்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, கரையான், மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடான் ஆகியவையும் அப்படியே. ரேடான் லிட்டருக்கு நான்கு பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யும்படி மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயப் பெயின்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குப் பத்து நாள் வாய்ப்பும் தர வேண்டும்.

கேள்வி: ஒரு ஏஜென்ட்டுடன் ஐந்து வீடுகள் பார்த்தோம்; முதல் நாளே ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கினார். இப்போது நாங்களே வேறொரு வீட்டைக் கண்டுபிடித்துள்ளோம். அவரை விட்டுவிட்டு வாங்கலாமா?

— வாசகர், இல்லினாய்

பதில்: அந்தப் படிவத்தை எடுத்துப் படிக்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள். அது அவருக்கு மட்டுமே உரிமை தரும் ஒப்பந்தமாக இருந்தால், காலவரம்புக்குள் நீங்கள் எந்த வீட்டை வாங்கினாலும், அதை நீங்களே கண்டுபிடித்திருந்தாலும், அவருக்குக் கட்டணம் தர நேரலாம். காலம் முடிந்த பிறகும், அவர் காட்டிய வீடுகளுக்கு மட்டும் சில மாதங்கள் தொடரும் பிரிவு அதில் இருக்கக்கூடும். கட்டணம், காலவரம்பு, ஒப்பந்தத்தை முடிக்கும் வழி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு அவரிடமே நேரில் பேசி, விடுவிப்பை எழுத்தில் பெறுங்கள். அவர் உழைத்திருக்கிறார் என்றால் ஒரு தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்வதும் நியாயம்தான். இனிமேல் பார்ப்பவர்களுக்கு ஒன்று: எவரும் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்துவைக்கும் நாளில் (ஓபன் ஹவுஸ்) நீங்களாகச் சென்று பார்க்கவோ, விற்பவரின் ஏஜென்ட்டிடம் விவரம் கேட்கவோ இந்த ஒப்பந்தம் தேவையில்லை.

கேள்வி: டெக்சாஸில் வீடு வாங்குகிறோம். ஏஜென்ட் இல்லாமல் சரியான விலையை எப்படித் தெரிந்துகொள்வது?

— வாசகர், டெக்சாஸ்

பதில்: கடினமான மாநிலத்திலிருந்து கேட்கிறீர்கள். பல மாநிலங்களில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது மாவட்டப் பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி இருக்கும். அங்கே கடந்த ஆறு மாதத்தில், அரை மைல் சுற்றளவில், அதே அளவும் வயதும் கொண்ட நான்கைந்து வீடுகளை எடுத்து ஒப்பிட்டாலே ஒரு நியாயமான எல்லை தெரிந்துவிடும். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை. இணையதளங்கள் காட்டும் மதிப்பு அங்கே பெரும்பாலும் கேட்ட விலையை வைத்துக் கணித்ததே தவிர, கொடுத்த விலையை வைத்து அன்று. ஆகவே உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை, விலை சொல்வதற்கு முன்பே, உங்கள் செலவில் அமர்த்துங்கள். சில நூறு டாலரில் முடியும். வங்கி பின்னர் செய்யும் மதிப்பீட்டை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது கடனுக்குப் பாதுகாப்பாகச் செய்வது. நீங்கள் விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் வரும்.

டெக்சாஸ் ஒப்பந்தங்களில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. சிறிய தொகை ஒன்றைக் கட்டினால், பேசி முடிவு செய்த சில நாள்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம். முகவர் இல்லாதவருக்கு இந்த நாள்கள் பொன்னானவை. பத்து நாளாவது கேளுங்கள், சோதனைகள் அனைத்தையும் அதற்குள் முடியுங்கள்.

கேள்வி: குளோசிங் நாளில் எங்களுக்காக எவரும் இருக்க மாட்டார்கள் என்பதே பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

— வாசகி, கலிஃபோர்னியா

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் அன்றைய வேலையில் பெரும்பகுதியை அதற்கு முன்பே முடித்துவிட முடியும். கடன் தருபவர் இறுதிக் கணக்கான குளோசிங் டிஸ்க்ளோஷரைக் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உங்களுக்குத் தர வேண்டும். விண்ணப்பித்த போது தந்த உத்தேசக் கணக்கான லோன் எஸ்டிமேட்டை அதன் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். விற்பவர் ஒப்புக்கொண்ட கழிவு அதில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டின் உரிமைப் பத்திரத்தில் குறை வந்தால் ஈடுசெய்யும் டைட்டில் காப்பீட்டில், கடன் தருபவருக்கான பாலிசி உங்களைக் காக்காது. பழைய வில்லங்கம் எதுவும் பின்னால் கிளம்பினால் உங்களைக் காப்பது உரிமையாளர் பாலிசிதான். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திடம்தான் அதை நீங்கள் வாங்க வேண்டும் என்று விற்பவர் கட்டாயப்படுத்த மத்தியச் சட்டம் இடம் தருவதில்லை.

பணம் அனுப்பும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். குளோசிங் வரை இரு தரப்புப் பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருக்கும் எஸ்க்ரோ அலுவலகத்தின் மின்னஞ்சலைப் போலவே ஒன்று, கடைசி இரண்டு நாளில், "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று வரும். அதை நம்பி வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. அனுப்பிய பணம் பல நேரங்களில் திரும்ப வருவதில்லை. அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். முதல் நாள் நேரில் சென்றபோது நீங்களே குறித்துக்கொண்ட எண்ணில் அலுவலகத்தை அழைத்து, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள். அனுப்பிய அன்றே பணம் வந்து சேர்ந்ததா என்று மீண்டும் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள்.